புகைவண்டிப் படத்துக்குப் புகைதான் அழகா?

மேட்டுப்பாளையம்_பாசஞ்சர் | ஞாயிறு, இரவு 9:42

வணக்கம். போன வாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு நீலகிரி மலை ரயிலில் குன்னூர் வரை போய் வந்தேன். அதற்கு முந்தைய இரண்டு நாளும் கல்லாறு பக்கம் வெளியே நின்று படம் எடுத்தேன். மொத்தம் 412 படங்கள். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் எல்லாம் கூர்மையாக இருக்கின்றன, எல்லாவற்றிலும் என்ஜின் முழுசாக இருக்கிறது, ஆனால் ஒன்றுகூட இரண்டாம் தடவை பார்க்கத் தோன்றவில்லை. ரயில்வே பொருள் விலைப்பட்டியல் மாதிரி இருக்கிறது.

அம்மாவிடம் காட்டினேன். காய் அரிந்துகொண்டே "ம்... ம்..." என்று தள்ளச் சொல்லிக்கொண்டு வந்தவர் ஒரே ஒரு படத்தில் கத்தியைக் கீழே வைத்தார். வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் என்ஜின் தண்ணீர் பிடிக்கும்போது எடுத்தது. கீழேயிருந்து ஆவி கிளம்பி என்ஜினில் பாதியை மறைத்துவிட்டது. நான் அழிக்க ஒதுக்கி வைத்திருந்தேன். "இதுல மட்டுந்தான் அது சூடா இருக்குன்னு தெரியுது" என்றார்.

இன்னொரு படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பியிருந்தேன். "என்ஜினின் முகம் தெரியவில்லை" என்று நடுவர் ஒற்றை வரியில் திருப்பிவிட்டார். அம்மாவுக்குப் பிடித்ததிலும் முகம் இல்லை. நீராவி என்ஜின் படம் ஒன்று கண்ணுக்கு நிறைவாக இருக்க என்னதான் வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒளிமானி | ஞாயிறு, இரவு 10:15

நடுவர் கேட்டது பழைய பள்ளிக்கூட முறை. முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் சேர்ந்து தெரிகிற முக்கால் கோணம், வெயில் தாழ இருக்க வேண்டும், சக்கரங்களை இணைக்கும் ராடு கீழே வந்திருக்க வேண்டும், பின்னால் வானம் காலியாக இருக்க வேண்டும். நூறு வருஷமாக இப்படித்தான் எடுக்கிறார்கள். சும்மா கிண்டல் செய்யவில்லை, ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

வெயில் ஏன் தாழ இருக்க வேண்டும்? நீராவி என்ஜினுக்கு அழகு முழுக்க இடுப்புக்குக் கீழே. சக்கரம், ராடு, சிலிண்டர் எல்லாம் பாய்லரின் நிழலுக்குள் இருக்கின்றன. பதினொரு மணி வெயிலில் எடுத்தால் மேலே வெளிச்சம், கீழே கறுப்புக் குழி. காலை ஏழு, ஏழரைக்குச் சாய்ந்து வரும் வெயில் அந்தக் குழிக்குள் போய் எண்ணெய் பூசிய இரும்பில் பட்டுத் திரும்புகிறது. ராடு கீழே இருந்தால் சக்கரத்தின் ஆரங்கள் மறையாமல் தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம் ஒளி அளவு. கேமரா மீட்டருக்கு உலகமே சாம்பல் நிறம். கறுப்பு என்ஜின் சட்டத்தை நிறைத்தால் வெளிச்சத்தைக் கூட்டிவிடும், என்ஜின் வெளுத்த குடைத்துணி மாதிரி ஆகும். வெள்ளை ஆவி நிறைத்தால் குறைத்துவிடும், ஆவி அழுக்குப் பஞ்சாகும். கைப்பேசிகள் இரண்டையும் சமப்படுத்துகிறேன் என்று ஆவிக்குள் கோடு கோடாக வரைந்து தள்ளுகின்றன. பேசாமல் மேனுவலில் வையுங்கள். ஆவியின் வெண்மை வெடித்துப் போகாத அளவுக்கு ஒளியை நிறுத்திவிட்டு, ரா கோப்பில் (கேமரா மாற்றாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) நிழலைத் தூக்குங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தால் தப்பில்லாத படம் கிடைக்கும். உங்கள் அம்மா கத்தியைக் கீழே வைப்பாரா என்பது எனக்குத் தெரியாது.

கரும்புகை | ஞாயிறு, இரவு 10:31

இதற்கு இவ்வளவு யோசனையா? புகை இல்லாத என்ஜின் படம் உப்பில்லாத கஞ்சி. கன்னங்கரேல் என்று வானத்துக்கு எழும்ப வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

பழைய_ஃபயர்மேன் | திங்கள், காலை 5:50

கரும்புகை தம்பி, கோபப்படாதீர்கள். நான் விழுப்புரம் ஷெட்டில் ஒய்.பி. என்ற மீட்டர்கேஜ் நீராவி என்ஜினில் கரி அள்ளிப் போட்டவன். கறுப்புப் புகை வந்தால் எங்கள் டிரைவர் திரும்பிப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார், அந்தப் பார்வையே போதும். கறுப்புப் புகை என்றால் எரியாத கரி வானத்தில் போகிறது என்று அர்த்தம். கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, மெல்லிய படுகையாகப் பரப்ப வேண்டும். அள்ளிப் போட்டதும் ஒரு நிமிஷம் கறுத்து வரும், பிறகு தெளிந்துவிடும். தெளிந்த சாம்பல் நிறம்தான் நல்ல ஃபயர்மேனின் கையெழுத்து.

சேஃப்டி வால்வு தூக்கி மேலே வெள்ளையாகப் பீச்சுவதையும் ஓடி ஓடி எடுப்பீர்கள். எங்களுக்கு அது வெட்கக்கேடு. தேவைக்கு மேல் ஆவி கட்டிவிட்டு, தண்ணீரையும் கரியையும் வீணாக்குகிறோம் என்று ஊருக்கே தண்டோரா போடுவது மாதிரி.

பாசஞ்சர் தம்பிக்கு: உங்கள் நடுவர் மலை ரயிலைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது என்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. அதன் முகம் மேல்நோக்கி, பெட்டியை ஒட்டி நிற்கிறது. எப்படித் தெரியும்? அப்படி வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. அந்த மலையில் 12 அடி போனால் ஓர் அடி ஏற்றம். மூன்று மீட்டர் நீளத்துக்குக் கால் மீட்டர் சாய்வு. பாய்லர் தண்ணீர் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கும். ஃபயர்பாக்ஸ், அதாவது நெருப்பு எரியும் அறை, அதன் கூரைக்கு மேல் எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கூரைத் தகடு காய்ந்து உயிருக்கே ஆபத்து. அதனால் ஃபயர்பாக்ஸ் பள்ளத்துப் பக்கம், புகைபோக்கி மேட்டுப் பக்கம். இறங்கும்போது என்ஜின் முன்னால் வரும், ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு வரும். முகம் வேண்டுமென்றால் அது பெட்டியைக் கழற்றிவிட்டுத் தனியாக நகரும்போதுதான்.

ஒளிமானி | திங்கள், காலை 8:05

ஐயா, முகத்தைப் பற்றி இத்தனை வருஷம் யோசிக்கவே இல்லை. நன்றி.

புகையையும் ஆவியையும் பற்றி ஒரு வார்த்தை. உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது விளிம்பை ஒட்டி ஒரு விரற்கடை வெறுமையாக இருக்கும், அதற்கு மேல்தான் வெள்ளை. குளிர்காற்றில் பட்டு நுண்துளிகளாக ஆன பிறகே நமக்குத் தெரிகிறது. ஆகவே வெண்மேகம் வேண்டும் என்றால் குளிரும் ஈரமும் வேண்டும். ஏப்ரல் மதியம் கல்லாறில் அதே என்ஜின் அதே பாடுபட்டாலும் புகைபோக்கிக்கு மேல் கானல் மாதிரி ஓர் அசைவுதான் இருக்கும். ஜனவரிக் காலையில் பெட்டி நீளத்துக்குத் தொங்கும். மேட்டுப்பாளையம் 326 மீட்டர், குன்னூர் 1,700 மீட்டருக்கு மேல். ஒரே நாளில் மேலே போகப் போக ஆவி தடிப்பதைப் பார்க்கலாம்.

காற்றையும் பாருங்கள். நீங்கள் நிற்கும் பக்கமாக அடித்தால் ரயிலே காணாமல் போகும்.

யாழ்தேவி | திங்கள், மாலை 6:20

இலங்கையில் எங்கள் பக்கம் ரயிலைப் புகையிரதம் என்றுதான் பலகையிலேயே எழுதுவார்கள். புகையிரத நிலையம், புகையிரதத் திணைக்களம். டீசல் வந்து எத்தனையோ காலமாகியும் பேரில் இருக்கிற புகை போகவில்லை. நீங்கள் புகைவண்டி என்றீர்கள், பிறகு ரயில் என்று மாறிவிட்டீர்கள். வேடிக்கை என்னவென்றால் படத்துக்கும் புகைப்படம் என்றுதான் பேர். புகைவண்டியின் புகைப்படத்தில் புகை வேண்டுமா என்று கேட்கிறீர்கள்!

எனக்கு ஓவியம்தான் ஞாபகம் வருகிறது. ஆங்கிலேய ஓவியர் டர்னர் 1844இல் காட்சிக்கு வைத்த, மழைக்குள் பாலத்தில் வரும் ரயில். அதில் என்ஜின் கால்வாசிகூட ஒழுங்காகத் தெரியாது. புகைபோக்கி மட்டும் கொஞ்சம் திடமாக இருக்கும், மற்றதெல்லாம் மழையும் ஆவியும் கலந்த குழம்பு. ஆனாலும் அது வருகிறது என்று நம்புகிறோம். பாசஞ்சர் அண்ணாவின் அம்மா சொன்னது சரிதான் என்று நினைக்கிறேன்.

லெவல்கிராஸிங் | திங்கள், இரவு 9:10

எல்லோரும் என்ஜினை ஒட்டியே நிற்கிறீர்கள். கொஞ்சம் பின்னால் வாருங்கள். இன்னும் கொஞ்சம்.

நீலகிரி ரயிலுக்கு 46 கி.மீ. நீளத்தில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். என்ஜினை மட்டும் சட்டம் நிறைய எடுத்தால் அது எந்த ஊரில் நிற்கிறது என்றே தெரியாது. மியூசியத்தில் நிற்கிற என்ஜினுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? நான் எடுத்ததில் எனக்குப் பிடித்த படத்தில் ரயில் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். பாறைச்சுவர், அதில் ஓரமாகச் செதுக்கின மாதிரி ஒரு பாதை, கீழே மரத்தலைகள், நீலப் பெட்டிகள், அவற்றின் வால்பக்கத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. அந்தப் பொட்டு இல்லாவிட்டால் பார்க்கிறவர் ரயிலையே கண்டுபிடிக்கமாட்டார். புகை எனக்கு அலங்காரம் இல்லை, "இங்கே பார்" என்று காட்டுகிற விரல்.

லென்ஸ் விஷயத்தில் ஒளிமானியோடு சண்டை உண்டு, ஆனால் இப்போது வேண்டாம். ஒன்று மட்டும். ரயிலுக்கு நேர் எதிரே நின்று எடுத்தால் ஏற்றம் 1க்கு 12 என்பது சரியாகத் தெரியாது. ஏற்றத்தைக் காட்ட வேண்டுமானால் பக்கவாட்டில் நின்று, நேராக வளர்ந்த ஒரு மரத்தையோ தூணையோ சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். செங்குத்துக்கு ஒரு சாட்சி இருந்தால்தான் சாய்வு சாய்வாகத் தெரியும். நான் இரண்டு வருஷம் எடுத்த பிறகுதான் இது புரிந்தது.

மேட்டுப்பாளையம்_பாசஞ்சர் | செவ்வாய், காலை 7:30

அம்மாவுக்குப் பிடித்த படத்தை இணைத்திருக்கிறேன். ஹில்குரோவ், தண்ணீர் பிடிக்கும்போது.

பழைய_ஃபயர்மேன் | செவ்வாய், காலை 8:02

தம்பி, இது தண்ணீர் பிடிக்கும்போது எடுத்தது இல்லை.

தண்ணீர்க்குழாயின் கையைப் பாருங்கள். என்ஜினைவிட்டு விலகி நிற்கிறது, நுனியில் சொட்டுகிறது. அதாவது பிடித்து முடித்துவிட்டார்கள். ஆவி எங்கிருந்து வருகிறது? புகைபோக்கியிலிருந்து இல்லை, சிலிண்டருக்கு அடியிலிருந்து, தரையோடு தரையாக இரண்டு பக்கமும். அது டிரெயின் காக், சிலிண்டரில் தேங்கும் தண்ணீரை வெளியே விடுகிற திருகு. நின்றுகொண்டிருந்த நேரத்தில் சிலிண்டருக்குள் ஆவி குளிர்ந்து தண்ணீராகிவிடும். தண்ணீரை பிஸ்டனால் நெருக்க முடியாது, அப்படியே கிளப்பினால் சிலிண்டர் மூடி தெறிக்கும். அதனால் காக்கைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் சில சுற்று மெதுவாக உருட்டுவோம். இந்தப் படத்தில் ரெகுலேட்டர், அதாவது சிலிண்டருக்கு ஆவியை விடுகிற வால்வு, திறந்தாகிவிட்டது. வண்டி நகர்ந்துகொண்டிருக்கிறது, அல்லது அந்த நொடியில் நகரப் போகிறது.

மேட்டுப்பாளையம்_பாசஞ்சர் | செவ்வாய், காலை 8:20

ஐயா, அடுத்த படத்தைத் திறந்து பார்த்தேன். பெட்டி அரை ஜன்னல் அளவு நகர்ந்திருக்கிறது!! நான் அங்கேயே நின்றேன், எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது?

ஒளிமானி | செவ்வாய், காலை 8:41

அம்மாவுக்கு டிரெயின் காக் தெரியாது. நின்ற வண்டிக்கும் கிளம்புகிற வண்டிக்கும் வித்தியாசம் தெரியும்.

பிக்சல்_பையன் | செவ்வாய், மதியம் 1:15

இதெல்லாம் எதற்கு? செயற்கை நுண்ணறிவிடம் "நீலகிரி நீராவி ரயில், மூடுபனி, பொன்னிற வெயில்" என்று கேட்டேன், பத்து நொடியில் இது வந்தது. எப்படி இருக்கிறது? (படம் இணைப்பு)

பழைய_ஃபயர்மேன் | செவ்வாய், மதியம் 2:40

நன்றாக இருக்கிறது தம்பி. ஏற்றத்தில் என்ஜின் முன்னால் நின்று இழுக்கிறது. நடுவில் பல் தண்டவாளம் இல்லை. ராடு ஒரு சக்கரத்திலிருந்து கிளம்பி ஏணிப்படியில் போய்ச் சேர்கிறது. இந்த என்ஜின் ஓர் அடி நகர்ந்தால் தன் காலையே முறித்துக்கொள்ளும்.

குன்னூர்_மழை | செவ்வாய், மதியம் 3:05

போதாக்குறைக்குப் பின்னால் பனிமலை. எங்கள் ஊரில் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் வருவேன்.

பிக்சல்_பையன் | செவ்வாய், மதியம் 3:11

சரி சரி. 😅 ஆனால் மூன்றாவது தண்டவாளம் எதற்கு?

பழைய_ஃபயர்மேன் | செவ்வாய், மாலை 4:30

கேட்டதற்காகவே சொல்கிறேன், இது படம் எடுக்கிறவர்களுக்கும் உதவும். நான் மலையில் வேலை பார்த்ததில்லை, ஆனால் அந்த என்ஜின்கள் பொன்மலைப் பணிமனைக்குப் பழுது பார்க்க வரும்போது என் மைத்துனர் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்.

பழைய எக்ஸ் கிளாஸ் என்ஜின்கள் சுவிட்சர்லாந்தில் விண்டர்தூரில் செய்தவை. முதல் தொகுதி 1914லிருந்து 1925 வரை, கடைசி ஐந்து 1952இல். பின்னாளில் பொன்மலையிலேயும் புதிதாகக் கட்டினார்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர், ஒன்றின்மேல் ஒன்று. கீழே இருப்பது சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். மேலே இருப்பது நடுத் தண்டவாளத்தில் கடிக்கிற பல்சக்கரத்தை ஓட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சமதளம், மேல் சிலிண்டருக்கு வேலை இல்லை, சும்மா நிற்கும். கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் கீழ் சிலிண்டரில் வேலை செய்து முடித்த ஆவியை மேலே திருப்பிவிடுவார்கள். ஒரே ஆவிக்கு இரண்டு வேலை. அப்போது பக்கவாட்டில் பார்த்தால் மேல் ராடு ஒரு கதியில், கீழ் ராடு ஒரு கதியில் ஓடும். உலகத்தில் இதை ஓடுகிற என்ஜினில் பார்க்கக் கிடைக்கிற இடங்கள் சொற்பம். எல்லோரும் வானத்துப் புகையை எடுக்கிறார்கள், இதை எடுத்த படம் நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

ஒளிமானி | செவ்வாய், மாலை 5:12

பான் செய்து எடுக்கலாம்! பல் தண்டவாளத்தில் வேகம் மணிக்கு 13 கி.மீ.க்கு மேல் போகாது, அதாவது நொடிக்கு மூன்றரை மீட்டர் சொச்சம். 1/15 நொடியில் வைத்துக் கேமராவை ரயிலோடு சேர்த்துத் திருப்பினால் அதற்குள் அது கால் மீட்டர் நகர்ந்திருக்கும். பாய்லர் கூர்மையாக நிற்கும், பின்னணி கோடாகும், மேலும் கீழும் ராடுகள் வேறு வேறு அளவில் கலங்கும். நூற்றுக்குத் தொண்ணூறு பாழாகும். பரவாயில்லை. 1/1000இல் எடுத்தால் ஓடுகிற என்ஜினுக்கும் நிறுத்தி வைத்ததற்கும் வித்தியாசமே இருக்காது.

மட்டுறுத்துநர் | செவ்வாய், இரவு 8:00

இடையில் ஒரு அறிவிப்பு. மதியம் ஒருவர் பாலத்தின் நடுவில் தண்டவாளத்தில் நின்று எடுத்த படத்தைப் போட்டிருந்தார், நீக்கிவிட்டேன். அனுமதியில்லாமல் ரயில் பாதையில் நடமாடுவது 1989 ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறை. சட்டத்தை விடுங்கள், கல்லாறு பக்கம் யானை நடமாட்டம். ஓடும் ரயிலில் கதவுக்கு வெளியே தொங்கி வளைவைப் பிடிக்கிற படங்களையும் இங்கே ஏற்பதில்லை. எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

ராத்திரி_ஷிஃப்ட் | புதன், இரவு 1:20

எல்லோரும் வெயிலைப் பற்றியே பேசுகிறீர்கள். அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க் என்று ஒருவர், 1955லிருந்து 1960 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்பாதையில் நீராவியின் கடைசி வருஷங்களைப் பிடித்தார், பெரும்பாலும் இரவில். வெயில் நமக்கு வேண்டிய பக்கத்தில் வராது, தண்டவாளத்தையும் திருப்பிப் போட முடியாது. இரவாக இருந்தால் வெளிச்சம் முழுக்க நம் கையில். டஜன் கணக்கில் ஃபிளாஷ் பல்புகளைக் கம்பியில் கோத்து மரத்திலும் கூரையிலும் கட்டி வைப்பார். ஒரு பல்ப் ஒரு தடவைதான் எரியும். ரயில் வரும், ஒரே சொடுக்கு, அவ்வளவுதான். மறுபடி எடுக்க வேண்டுமானால் எல்லாப் பல்பையும் மாற்ற வேண்டும், அடுத்த ரயில் வர வேண்டும்.

இருட்டில் கறுப்பு என்ஜின் தெரியாது என்று நினைப்போம். நேர்மாறு. கறுப்பு வானத்தில் ஆவி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி எழுந்து நிற்கும். அதன் முன்னால் என்ஜினின் வடிவம் தெளிவாகத் தெரியும்.

அதைவிட எனக்குப் பிடித்தது, அவர் படங்களில் பலவற்றில் ரயில் பின்னால்தான் இருக்கும். முன்னால் யாரோ நீந்திக்கொண்டிருப்பார்கள், வீட்டுக்குள் யாரோ உட்கார்ந்திருப்பார்கள், காருக்குள் ஒரு ஜோடி திறந்தவெளித் திரையரங்கில் படம் பார்க்கும். ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு பெரிய இரும்பு போகிறது, அவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தினமும் போகிறதுதானே. கடைசி நாட்களை இதைவிடக் கூர்மையாகச் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

லெவல்கிராஸிங் | புதன், காலை 7:15

அந்தத் திரையரங்குப் படம் 1956. ஆனால் அது நடந்தது நடந்தபடி இல்லையே. ஃபிளாஷ் அடித்தால் திரை வெளுத்துப்போகும் என்பதால் திரையில் தெரியும் விமானத்தைப் பிறகு இருட்டறையில் ஒட்டினார். காரில் இருக்கிற ஜோடியையும் அவர்தான் உட்கார வைத்தார். பிக்சல் பையனைக் கிண்டல் செய்துவிட்டு இதை எப்படி ஏற்பது?

ராத்திரி_ஷிஃப்ட் | வியாழன், இரவு 12:50

ரயில் உண்மை. அது அந்த இரவு அந்தச் சரிவில் அந்த நேரத்துக்கு வந்தது. அவர் அதற்காகக் காத்திருந்தார். எனக்கு அது போதும்.

ஒளிமானி | வியாழன், காலை 6:40

முழுசாக ஏற்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. இங்கிலாந்தில் எரிக் டிரீசி என்று ஒரு பாதிரியார், பிற்பாடு வேக்ஃபீல்டு பிஷப் ஆனவர், ரயில் படங்களுக்குப் பேர்போனவர். லிவர்பூலில் ஷெட்டுக்குப் போய் டிரைவர்களோடு பழகி வைத்திருப்பார். அவர் வழியோரம் நிற்பது தெரிந்தால் அவர்களாகவே புகையைக் கூட்டிக் கொடுப்பார்களாம். அதுவும் ஏற்பாடுதானே? ஆனால் அதை ஏமாற்று என்று சொல்ல வாய் வரவில்லை. 1978இல் ஆப்பிள்பி ரயில் நிலையத்தில், நீராவி ரயிலுக்காகக் காத்திருந்தபோதுதான் அவர் உயிர் பிரிந்தது.

குன்னூர்_மழை | வியாழன், மதியம் 12:10

நான் படம் எடுக்கிறவள் இல்லை. வீட்டு வாசலிலிருந்து விசில் கேட்கும், அவ்வளவுதான் உறவு. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஐந்து வருஷமாக எடுக்கிற அதே படத்தையே எடுக்கிறார்கள். ஏறும்போது முதல் பெட்டியின் முன்மேடையில் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியுமாக ஒருவர் நிற்பாரே, பிரேக்ஸ்மேன், அவரை எத்தனை பேர் எடுத்திருக்கிறீர்கள்? என்ஜின் பின்னால் இருப்பதால் டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. இவர்தான் கண். ஒவ்வொரு பெட்டியிலும் ஒருவர் இருக்கிறார், கொடி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க் கடைசியில் டிரைவரிடம் சேர்கிறது. மழைக்காலத்தில் தலையில் பிளாஸ்டிக் உறையைப் போட்டுக்கொண்டு, பாறை விழுந்திருக்கிறதா, மாடு நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே வருவார்கள். என்ஜினின் முகம் தெரியவில்லை என்று அந்த நடுவர் சொன்னாரே, ஏறுகிற ரயிலுக்கு முகம் அந்தக் கொடிக்காரர்தான்.

இன்னொன்று. சாயங்காலம் இறங்குகிற ரயிலுக்காகக் காத்திருந்துவிட்டுப் "புகையே இல்லை" என்று கடையில் புலம்புகிறார்கள்.

பழைய_ஃபயர்மேன் | வியாழன், மாலை 6:00

அம்மணி சொன்னது சரி. இறங்கும்போது என்ஜின் இழுப்பதில்லை, பிடித்து நிறுத்திக்கொண்டே வருகிறது. ஆவிக்குப் பெரிய வேலை இல்லை. புகைபோக்கியில் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

கொடிக்காரரைப் பற்றிச் சொன்னதால் ஒரு பழைய ஞாபகம். எண்பதுகளில் வெளிநாட்டுக்காரர்கள் விழுப்புரத்துக்கு வருவார்கள். அவர்கள் ஊரில் நீராவி முடிந்துவிட்டது, நம்மிடம் இன்னும் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள். பெரிய பெரிய கேமரா. ஷெட் வாசலில் என்ஜின் நிற்கும், நான் படியில் நிற்பேன். கையை ஆட்டித் தள்ளி நிற்கச் சொல்வார்கள். என்ஜின் மட்டும் வேண்டும். தள்ளி நிற்பேன். எடுத்து முடித்ததும் சிகரெட் கொடுப்பார்கள், நான் பிடிப்பதில்லை என்பதால் டிரைவருக்குப் போகும்.

அத்தனை வருஷம் வேலை பார்த்தேன், என்ஜினோடு நான் நிற்கிற படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவர்களுடைய படங்களில் எங்காவது ஓரத்தில் என் முழங்கையாவது விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

கரும்புகை | வியாழன், இரவு 9:25

ஐயா, கஞ்சி உதாரணத்தை வாபஸ் வாங்குகிறேன்.

மேட்டுப்பாளையம்_பாசஞ்சர் | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8:55

மறுபடி போய் வந்தேன். இந்தத் தடவை 60 படங்கள்தான்.

கல்லாறு தாண்டி, ரோட்டோரத்தில் அனுமதியுள்ள இடத்திலிருந்து 1/15இல் பான் செய்தேன். ஒளிமானி சொன்ன கணக்கு தப்பு, தொண்ணூறு இல்லை, தொண்ணூற்றைந்து பாழ். ஒன்று கிடைத்தது. பாய்லரும் டிரைவரின் தோளும் நிற்கின்றன, மேல் ராடு புகையாகவே ஆகிவிட்டது, கீழ் ராடு மங்கலாகக் கம்பி மாதிரி தெரிகிறது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் எனக்கு அதுதான் பெருமை. போட்டிக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். முகம் இல்லைதான்.

லெவல்கிராஸிங் சொன்னபடி தூரத்திலிருந்தும் முயன்றேன். மூடுபனி வந்து மலையையும் சேர்த்து மூடிவிட்டது, வெள்ளைப் பொட்டை வெள்ளைக்குள் தேடிக்கொண்டு நின்றேன். விசில் மட்டும் கேட்டது.

அடுத்த நாள் டிக்கெட் எடுத்து ஏறினேன். ஹில்குரோவில் இறங்கி, அதே இடத்தில் நின்றேன். தண்ணீர்க்குழாயின் கை விலகுகிறவரை கேமராவைத் தூக்கவில்லை. ஃபயர்மேன் படியில் ஒரு கால் வைத்துத் திரும்பிப் பார்த்தார். "எடுக்கலாமா?" என்று கேட்டேன். அவர் தள்ளிப் போகப் பார்த்தார். "நீங்கள் அங்கேயே நில்லுங்கள் சார், உங்களோடுதான் வேண்டும்" என்றேன். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். அதற்குள் காக் திறந்து ஆவி கிளம்பிவிட்டது. இடுப்புக்குக் கீழே ஆளையே காணோம். அதுதான் இந்தப் படம்.

வெயில் தப்பான பக்கம். பெட்டி ஜன்னலிலிருந்து யாருடைய கையோ குறுக்கே வந்திருக்கிறது. அம்மாவிடம் காட்டினேன், "இவரு சாப்பிட்டாரா?" என்று கேட்டார்.

ஒளிமானி | ஞாயிறு, இரவு 9:20

அந்தக் கையை வெட்டிவிடாதீர்கள்.

பழைய_ஃபயர்மேன் | திங்கள், காலை 5:35

ராடு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியவில்லை, ஆவி மறைத்துவிட்டது. பரவாயில்லை. ஆள் நிற்கிற விதத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிகிறது. வலது கை பிடியில் இருக்கிறது, உடம்பின் பாரம் உள்கால் மேல் போய்விட்டது. இன்னும் இரண்டு நொடியில் ஏறிவிடுவார்.

தம்பி, இதில் ஒரு பிரதி எனக்கு வேண்டும். காசு அனுப்பிவிடுகிறேன்.

மேட்டுப்பாளையம்_பாசஞ்சர் | திங்கள், காலை 7:05

காசெல்லாம் வேண்டாம் ஐயா. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அவருக்கும் ஒன்று அச்செடுத்து, அடுத்த மாதம் போகும்போது கொடுக்கப் போகிறேன். உங்களுக்குப் பளபளப்புத் தாளா, மேட்டா?

பழைய_ஃபயர்மேன் | திங்கள், காலை 7:12

மேட் போதும். பளபளப்பு என்றால் எங்கள் வீட்டு டியூப்லைட் அதில் விழும். சட்டம் நானே போட்டுக்கொள்கிறேன். தண்ணீர்க்குழாய் ஓரத்தில் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.